சார்ஜ் போட்ட வண்டி ஏன் எரிகிறது? லித்தியம் பேட்டரி எப்படி உருவாகிறது, எப்படி வேலை செய்கிறது?

2022 மார்ச் மாதக் கடைசியில் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் அவரது மகளும் உயிரிழந்தனர். அதே நாட்களில் புனேயில் தெருவோரம் சும்மா நின்றிருந்த இன்னொரு ஸ்கூட்டர் புகைந்து எரியும் வீடியோ செல்போன் செல்போனாகச் சுற்றியது. "பெட்ரோல் வண்டியே போதும்ப்பா" என்ற பேச்சு அப்போது பரவலாகக் கேட்டது.

அந்த வீடியோவைக் காட்டிய செல்போனுக்குள்ளும் இருந்தது அதே குடும்பத்து பேட்டரிதான். சட்டைப் பையில், தலையணைக்குப் பக்கத்தில், குழந்தையின் கையில் என்று நாள் முழுக்க கூடவே இருக்கும் பொருள் இது. பெரும்பாலான நேரம் ஒரு தொந்தரவும் தராது. ஆனால் எரியத் தொடங்கினால் மட்டும் ஏன் இப்படி எரிகிறது? அது புரிய வேண்டுமென்றால் உள்ளே என்ன இருக்கிறது, ஆலையில் அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏன் லித்தியம்?

உலோகங்களிலேயே எடை குறைந்தது லித்தியம். அதன் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியில் பாதிதான். கத்தியால் வெட்டலாம், அவ்வளவு மென்மை. 1817இல் சுவீடனில் யோஹான் ஆகஸ்ட் அர்ஃப்வெட்சன் என்பவர் ஒரு பாறைத் தாதுவில் இதைக் கண்டுபிடித்தார். அதனால்தான் கல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் வந்தது.

லித்தியம் அணுவில் மொத்தமே மூன்று எலெக்ட்ரான்கள். வெளியில் தனியாக இருக்கும் ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிட எப்போதும் தயாராக இருக்கும். மின்சாரம் என்பதே எலெக்ட்ரான்களின் ஓட்டம்தானே? அப்படியானால் பேட்டரிக்கு இதைவிடத் தோதான உலோகம் கிடையாது.

கணக்கில் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். டார்ச் லைட்டில் போடும் பேட்டரி 1.5 வோல்ட். இன்வெர்ட்டரில் இருக்கும் ஈய அமில பேட்டரியில் ஒரு செல்லுக்கு 2 வோல்ட். லித்தியம் அயனி செல் ஒன்றே சுமார் 3.7 வோல்ட் தரும். ஒரு கிலோ ஈய அமில பேட்டரியில் 30 முதல் 40 வாட் மணி ஆற்றலைச் சேமிக்கலாம். அதே ஒரு கிலோவில் லித்தியம் அயனி 150 முதல் 250 வாட் மணி வரை சேமிக்கும். ஈய பேட்டரியை வைத்துக்கொண்டு ஸ்மார்ட்போன் செய்திருந்தால் அதை இடுப்பில் கட்டித்தான் தூக்கியிருக்க வேண்டும்.

பெயரில் லித்தியம் இருந்தாலும் ஒரு செல்போன் பேட்டரியில் இருக்கும் லித்தியம் ஓரிரு கிராம்தான். மீதி எடையெல்லாம் அதைத் தாங்கவும், வழி காட்டவும், அடக்கி வைக்கவும் இருக்கும் பொருட்கள்.

மாடித் தொட்டியும் மோட்டாரும்

ஒரு செல்லுக்குள் முக்கியமாக நான்கு பொருட்கள். அலுமினியத் தகட்டின் மேல் பூசிய ஒரு கறுப்புப் பூச்சு, இது கேத்தோடு. லித்தியம் முதலில் குடியிருப்பது இங்கேதான். செம்புத் தகட்டின் மேல் பூசிய கிராஃபைட், இது ஆனோடு. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், பிரிப்பான். எல்லாவற்றையும் நனைத்தபடி எலெக்ட்ரோலைட் என்ற திரவம்.

சார்ஜரை மாட்டியதும் கேத்தோடில் உள்ள லித்தியம் தன் எலெக்ட்ரானை இழந்து அயனியாகிறது. அயனியும் எலெக்ட்ரானும் ஒரே வழியில் போவதில்லை. அயனி திரவத்தில் நீந்தி, பிரிப்பானின் நுண்துளைகளில் நுழைந்து, மறுபக்கம் கிராஃபைட்டுக்குள் போகிறது. எலெக்ட்ரானுக்கு அந்த வழி அடைப்பு. அது வெளியே வயர் வழியாகச் சுற்றிக்கொண்டு அதே கிராஃபைட்டை வந்தடைகிறது.

கிராஃபைட் என்றால் பென்சிலில் இருப்பதுதான். அடுக்கு அடுக்கான கார்பன் தாள்கள். புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே மயிலிறகைச் செருகுவதுபோல லித்தியம் அந்த அடுக்குகளுக்கு இடையில் போய் உட்கார்கிறது. முழுதாக நிரம்பும்போது ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம் என்பது கணக்கு. அப்போது கிராஃபைட் சுமார் 10 சதவீதம் உப்பவும் செய்கிறது.

ஆனால் லித்தியத்துக்கு அங்கே இருப்பதில் விருப்பமில்லை. ஆற்றல் கணக்கில் அது மாடித் தொட்டிக்கு ஏற்றிய தண்ணீர் மாதிரி. மோட்டார் போட்டு மேலே ஏற்றிவிட்டோம், குழாயைத் திறந்தால் தானாகக் கீழே இறங்கும். போனை எடுத்து வீடியோ பார்க்கும்போது நடப்பது அதுதான். லித்தியம் அயனிகள் திரவம் வழியாகக் கேத்தோடுக்குத் திரும்புகின்றன. எலெக்ட்ரான்கள் வயர் வழியாக, போனுக்குள் புகுந்து, திரையை எரியவிட்டு, ஸ்பீக்கரை ஒலிக்கவிட்டு வீடு திரும்புகின்றன.

இதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. லித்தியம் வருகிறது, தங்குகிறது, போகிறது. இரு பக்கமும் தங்குமிடத்தின் கட்டமைப்பு பெரிதாகக் கலைவதில்லை. அதனால்தான் நூற்றுக்கணக்கான முறை, சில வகைகளில் ஆயிரக்கணக்கான முறை, ஏற்றி இறக்க முடிகிறது.

சிக்கலின் விதையும் இங்கேதான் விழுகிறது. கிட்டத்தட்ட 4 வோல்ட் அழுத்தத்தைத் தண்ணீர் தாங்காது, பிரிந்து வாயுவாகிவிடும். எனவே எலெக்ட்ரோலைட்டாகத் தண்ணீர் கலந்த எதையும் ஊற்ற முடியாது. அதற்குப் பதில் எத்திலீன் கார்பனேட், டைமெத்தில் கார்பனேட் போன்ற கரிமக் கரைப்பான்களில் லித்தியம் ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்பேட் என்ற உப்பைக் கரைத்து ஊற்றுகிறார்கள். இந்தக் கரைப்பான்கள் தீப்பற்றக் கூடியவை.

எண்ணெய் கம்பெனியில் பிறந்த பேட்டரி

1970களில் உலகமே பெட்ரோல் தட்டுப்பாட்டில் திணறியபோது, அமெரிக்காவின் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி விட்டிங்ஹாம் லித்தியத்தை வைத்து மறுபடி மறுபடி சார்ஜ் செய்யும் பேட்டரியை உருவாக்கினார். ஆனோடாகச் சுத்தமான லித்தியம் உலோகத்தையே வைத்தார். அது பலமுறை தீப்பிடித்து, தீயணைப்பு வீரர்கள் ஆய்வகத்துக்கு ஓடி வர வேண்டியிருந்தது. சார்ஜ் ஏற ஏற லித்தியம் ஊசி ஊசியாக முளைத்து மறுபக்கத்தைத் தொட்டுவிடும், அதுதான் காரணம்.

1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப், கோபால்ட் ஆக்சைடைக் கேத்தோடாக வைத்தால் 4 வோல்ட் வரை கிடைக்கும் என்று காட்டினார். 1985இல் ஜப்பானின் அகிரா யோஷினோ, லித்தியம் உலோகத்தையே எடுத்துவிட்டு ஆனோடில் பெட்ரோலியம் கோக் என்ற கார்பன் பொருளைப் பயன்படுத்தினார். லித்தியம் இனி அயனியாக மட்டுமே உள்ளே உலவும், உலோகமாக நிற்காது. பாதுகாப்பைச் சோதிக்க, செல் மேல் கனமான இரும்பைப் போட்டுப் பார்த்தார்கள். வெடிக்கவில்லை. 1991இல் சோனி நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கிராஃபைட் அந்த இடத்துக்கு வந்தது பிறகுதான்.

மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு. குட்இனஃபுக்கு அப்போது 97 வயது. நோபல் பெற்றவர்களிலேயே மூத்தவர் அவர்தான். ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக நோபல் உரையை ஆற்றியவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டின் தென்கோடிக் கிராமம் ஒன்றில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்து, ஐஐடி மெட்ராஸில் முனைவர் பட்டம் பெற்று, 1985இல் குட்இனஃபின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தவர். இன்றைக்கு ஸ்கூட்டர்களிலும் பேருந்துகளிலும் புகழ்பெற்றிருக்கும் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரிக்கு வழி திறந்த ஆய்வுகளில் இவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்த வகையைப் பற்றிக் கீழே வருகிறது.

தோசை மாவும் பாய்ச் சுருளும்

பேட்டரி ஆலை என்றதும் உருக்காலை மாதிரி ஒன்று மனதில் வரலாம். நேரில் பார்த்தால் அச்சகத்துக்கும் மருந்துக் கம்பெனிக்கும் நடுவில் இருக்கும்.

முதல் வேலை மாவு கரைப்பது. கேத்தோடுத் தூள், மின்சாரம் கடத்த கொஞ்சம் கரித்தூள், ஒட்டிக்கொள்ள ஒரு பிசின், இவற்றைக் கரைப்பானில் போட்டு மணிக்கணக்கில் கலக்குகிறார்கள். கட்டி தட்டக் கூடாது, காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. ஆனோடுக்குத் தனியாகக் கிராஃபைட் மாவு. இரண்டு மாவையும் ஒரே இடத்தில் கலக்க மாட்டார்கள். ஒன்றின் தூசி மற்றொன்றில் விழுந்தால் அந்தச் செல் எப்போது வேண்டுமானாலும் காலை வாரலாம்.

இந்த மாவை ஓடிக்கொண்டே இருக்கும் உலோகத் தகட்டில் பூசுவது அடுத்த வேலை. செம்புத் தகட்டின் தடிமன் 10 மைக்ரான் அளவில் இருக்கும், இப்போது 6 மைக்ரானும் வந்துவிட்டது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் மெல்லிசு புரியும். பூச்சு எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் ஆனோடு மெலிந்துபோனால், வருகிற லித்தியத்துக்கு உட்கார இடம் போதாது. பிறகு அது மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியத் தொடங்கும்.

பூசிய தகடு பல பத்து மீட்டர் நீள அடுப்புக்குள் போய்க் காய்கிறது. ஆலையின் மின்சாரச் செலவில் பெரும் பங்கு இந்த உலர்த்தலுக்கும் உலர் அறைக்கும்தான் போகிறது. காய்ந்ததை, கரும்பு மெஷின்போல இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்துகிறார்கள். பூச்சு கெட்டிப்பட்டு, அதே இடத்தில் அதிக ஆற்றல் அடங்கும். பிறகு தேவையான அகலத்துக்கு நறுக்குவார்கள். நறுக்கும் கத்தி மழுங்கினால் ஓரத்தில் பிசிறு வரும். அந்தப் பிசிறு நாளைக்குப் பிரிப்பானைக் கிழிக்கலாம்.

இதற்குப் பிறகு வேலையெல்லாம் உலர் அறையில். காற்றில் ஈரப்பதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. சென்னையில் மழைக்காலத்தில் 80, 90 சதவீதம் என்பது சாதாரணம். மனிதர் விடும் மூச்சின் ஈரம்கூட அங்கே ஒரு பிரச்னை. ஏனென்றால் எலெக்ட்ரோலைட் உப்பில் தண்ணீர் பட்டால் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் உருவாகும். கண்ணாடியையே அரிக்கும் அமிலம் அது. எரியும் பேட்டரியின் புகை ஏன் அவ்வளவு ஆபத்து என்பதற்கும் இதே வேதியியல்தான் காரணம்.

உலர் அறையில் கேத்தோடு, பிரிப்பான், ஆனோடு, மறுபடி பிரிப்பான் என்று அடுக்கி, கோரைப்பாயைச் சுருட்டுவதுபோல இறுக்கமாகச் சுருட்டுகிறார்கள். உருளை வடிவ டப்பாவில் போட்டால் அது 18650 செல், அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். கொஞ்சம் பெரியது 21700. செல்போனுக்கு அடுக்கியோ தட்டையாகச் சுருட்டியோ பை மாதிரியான உறையில் வைப்பார்கள். கேத்தோடைவிட ஆனோடு எப்போதும் ஒரு மயிரிழை பெரிதாக வெட்டப்பட்டிருக்கும். ஓரத்தில் வந்து சேரும் அயனியும் இடமில்லாமல் தவிக்கக் கூடாது என்பதற்காக.

கடைசியாக எலெக்ட்ரோலைட்டை ஊற்றி மூடுகிறார்கள். செல் இப்போதும் பேட்டரி ஆகவில்லை. கேத்தோடுக்குள் லித்தியம் இருக்கிறது, கிராஃபைட் காலி. சார்ஜே கிடையாது.

முதல் சார்ஜ்தான் எல்லாமே

ஆலையிலேயே மிக மெதுவாக முதல் சார்ஜ் ஏற்றுகிறார்கள். அப்போது கிராஃபைட்டின் மேல் எலெக்ட்ரோலைட் கொஞ்சம் சிதைந்து, மிக மெல்லிய ஒரு படலமாகப் படிகிறது. அயனியை உள்ளே விடும், எலெக்ட்ரானைத் தடுக்கும் படலம். பாலில் ஆடை கட்டுவதுபோல. இது சரியாக உருவாகாவிட்டால் எலெக்ட்ரோலைட் தொடர்ந்து சிதைந்துகொண்டே போகும். நன்றாக உருவானால் பேட்டரி ஆண்டுக்கணக்கில் உழைக்கும். இந்த ஆடைக்காகவே செல்லில் உள்ள லித்தியத்தில் சுமார் 10 சதவீதம் வரை முதல் நாளே செலவாகிவிடும்.

அதன் பிறகு செல்களை நாட்கணக்கில், சில ஆலைகளில் வாரக்கணக்கில், சும்மா வைத்திருக்கிறார்கள். வோல்டேஜ் தானாகக் குறையும் செல்களைப் பிடிக்கத்தான் இந்தக் காத்திருப்பு. சும்மா இருக்கும்போதே இறங்குகிறது என்றால் உள்ளே எங்கோ ஒரு சின்ன கசிவு இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் செல் கழிக்கப்படும். காசையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்க நினைக்கும் ஆலை முதலில் கை வைக்க ஆசைப்படுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

இந்தியாவில் விற்கும் பெரும்பாலான வண்டிகளில் இருக்கும் செல்கள் இறக்குமதியானவை. இங்கே நடந்துவந்தது செல்களை இணைத்து பேக் கட்டும் வேலை. அந்த நிலை மெல்ல மாறுகிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் தன் செல் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனத்துக்கு வழங்க 2018இல் ஒப்பந்தம் போட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலா நிறுவனம் செல் ஆலையையே அமைத்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் ஜம்முவின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியம் தாது இருக்கலாம் என்று அறிவிப்பு வந்தது நினைவிருக்கும். அது ஆரம்பக்கட்ட மதிப்பீடு மட்டுமே. நிலத்தில் இருப்பது பேட்டரிக்குள் வந்து சேர நீண்ட தூரம் இருக்கிறது.

அப்போ, தீ எப்படி?

ஏதோ ஒரு காரணத்தால் செல்லின் உள்ளே ஓரிடம் அளவுக்கு மீறிச் சூடாகிறது. அடி பட்டு நசுங்கியிருக்கலாம், தண்ணீர் புகுந்திருக்கலாம், அளவுக்கு மேல் சார்ஜ் ஏறியிருக்கலாம், ஆலையிலேயே ஒரு உலோகத் துகள் சிக்கியிருக்கலாம். 2016இல் சாம்சங் நோட் 7 போன்கள் எரிந்தபோது அந்த நிறுவனமே சொன்ன காரணங்களில் ஒன்று வெல்டிங் பிசிறு. மூலையில் ஆனோடு மடங்கியிருந்தது இன்னொன்று.

100 டிகிரியை நெருங்கும்போது அந்தப் பாலாடைப் படலம் சிதைகிறது. கிராஃபைட்டும் எலெக்ட்ரோலைட்டும் நேரடியாக வினைபுரிந்து இன்னும் சூடு ஏறும். 130 டிகிரி அளவில் பிரிப்பானில் உள்ள பாலிஎத்திலீன் உருகும். ஆனோடும் கேத்தோடும் தொட்டுக்கொள்ளும், மொத்த மின்சாரமும் ஒரே இடத்தில் பாயும். சுமார் 200 டிகிரியில் கோபால்ட் வகைக் கேத்தோடு உடைந்து ஆக்சிஜனை வெளியே விடுகிறது.

கவனிக்க வேண்டியது இந்த ஆக்சிஜனைத்தான். எரிபொருளும் உள்ளே, ஆக்சிஜனும் உள்ளே. மண்ணைப் போட்டு மூடினாலும், போர்வையால் அமுக்கினாலும் உள்ளே நடப்பது நிற்காது. பக்கத்துச் செல் சூடாகும், அதுவும் வெடிக்கும். 3 கிலோவாட் மணி ஸ்கூட்டர் பேக்கில் 21700 வகை என்றால் 160க்கும் மேற்பட்ட செல்கள் இருக்கும். ஒவ்வொன்றாகப் பட்டாசுச் சரம் மாதிரிப் போகும். தீயணைப்புத் துறையினர் நிறைய தண்ணீரைப் பீய்ச்சுவது தீயை மூட அல்ல, அடுத்தடுத்த செல்கள் சூடாகாமல் குளிர்விக்க.

இரும்பு பாஸ்பேட் வகை, சுருக்கமாக எல்எஃப்பி, இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அதில் ஆக்சிஜன், பாஸ்பரஸுடன் இறுகப் பிணைந்திருக்கும், எளிதில் வெளியே வராது. ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட்தான், எடையும் கூட. ஆனால் சூட்டைத் தாங்கும், அதிக முறை சார்ஜ் ஏறும், விலை உயர்ந்த கோபால்ட், நிக்கல் எதுவும் வேண்டாம். தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, வெயிலில் வண்டி நிற்கிற ஊரில், இந்த வகை பொருத்தமானது. எல்எஃப்பி எரியவே எரியாது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். அதிலும் இருப்பது அதே எரியும் எலெக்ட்ரோலைட்தான்.

2022 விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு ஏஐஎஸ்-156 என்ற பாதுகாப்புத் தரத்தைக் கடுமையாக்கி, அந்த ஆண்டு டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டமாக நடைமுறைப்படுத்தியது. ஒரு செல் எரிந்தாலும் தீ பேக் முழுக்கப் பரவக் கூடாது, செல்களையும் சூட்டையும் கண்காணிக்கும் மின்னணுப் பலகை நம்பகமாக இருக்க வேண்டும் என்பவை அதன் முக்கிய அம்சங்கள். வண்டி வாங்கும்போது இந்தத் தரச் சான்று உண்டா, செல் என்ன வகை என்று கேட்பதில் தயங்க எதுவுமில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

வண்டியைச் சார்ஜ் போடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே கேள்வி போதும்: இது எரிந்தால் வீட்டில் உள்ளவர்கள் எந்த வழியாக வெளியே வருவார்கள்? வாசற்படிக்கும் மாடிப்படிக்கும் அடியில் சார்ஜ் போடுவது அந்த வழியையே அடைப்பது. வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு உடனே பிளக் மாட்டாமல் கொஞ்சம் ஆறவிடலாம். கம்பெனி சார்ஜர் போனால் அதே சார்ஜர்தான் வாங்க வேண்டும். முழு சார்ஜ் எவ்வளவு வோல்ட் என்பது ஒவ்வொரு பேக்குக்கும் வேறு. "இதுவும் அதே பின்தான் சார்" என்பது பதில் ஆகாது.

உப்பிய செல்போன் பேட்டரியைக் குத்தவோ அமுக்கவோ கூடாது. உள்ளே எலெக்ட்ரோலைட் சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது என்பதன் அடையாளம் அது. சார்ஜ் போடுவதை அன்றோடு நிறுத்திவிட்டு மாற்ற வேண்டும்.

ஆயுள் குறைவதற்கு முக்கிய எதிரி சூடு. அதோடு 100 சதவீதத்திலேயே நீண்ட நேரம் வைத்திருப்பதும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். டேஷ்போர்டு வெயிலில் முழு சார்ஜோடு கிடக்கும் போன் இதற்கு நல்ல உதாரணம். தினமும் 20க்கும் 80க்கும் நடுவில் வைத்தால் நல்லதுதான், ஆனால் அதற்காக நாள் முழுக்கச் சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மலிவு பவர் பேங்க் விஷயத்தில் கணக்கு தெரிந்தால் ஏமாற மாட்டோம். ஒரு 18650 செல்லில் பொதுவாக 3,500 மில்லியாம்பியர் மணி அளவுக்குத்தான் அடைக்க முடியும். 9,900 என்று அச்சிட்டு நூறு ரூபாய்க்கு விற்றால் அது பொய். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த செல்லாகவும் இருக்கலாம். நல்ல 10,000 பவர் பேங்க்கூட 5,000 பேட்டரி உள்ள போனை இரண்டு முறை முழுதாக ஏற்றாது. வோல்டேஜ் மாற்றத்தில் கொஞ்சம் சூடாகப் போய்விடும், அதில் மோசடி எதுவுமில்லை.

விமானத்தில் பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் வைக்கவிடாமல் கைப்பையில் வைக்கச் சொல்வதன் காரணமும் இப்போது விளங்கும். சரக்கு அறையில் எரிந்தால் யாருக்கும் தெரியாது. கேபினில் எரிந்தால் ஊழியர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். அனுமதி 100 வாட் மணி வரை, அதாவது சுமார் 27,000 மில்லியாம்பியர் மணி.

செத்துப்போன பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட்டால், குப்பை லாரியின் அழுத்தத்தில் நசுங்கி அங்கேயும் தீப்பிடிக்கும். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. எனவே பழையதை அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுக்கலாம். கொடுக்கும் முன் இரு முனைகளிலும் செல்லோ டேப் ஒட்டிவிட்டால் வழியில் ஷார்ட் ஆகாது.